லீ யோங்-டேவுக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்?

கேள்வி இது: "கொரியாவின் லீ யோங்-டே ஒலிம்பிக்கில் ஜெயித்தது ஒரே ஒரு தங்கம். உலக சாம்பியன் பட்டம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பேட்மின்டன் டபுள்ஸ் என்று பேச்செடுத்தால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆள் பார்க்க நன்றாக இருப்பார், டிவியில் கண்ணடித்தார் என்பதைத் தவிர அவரிடம் என்ன இருக்கிறது?"

கேட்டவர் மேல் தப்பில்லை. பதக்கப் பட்டியலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் எனக்கும் இதே சந்தேகம்தான் வரும். அவருக்கு இருப்பது ஒரே ரசிகர் கூட்டம் இல்லை, இரண்டு. கண்ணடித்ததற்காக வந்த கூட்டம் ஒன்று. நெட் ஓரத்தில் அவர் கை செய்த வேலையைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம் இன்னொன்று. முதல் கூட்டம் ஒரே நாளில் சேர்ந்தது. இரண்டாவது மெதுவாகச் சேர்ந்து இன்றுவரை கலையாமல் இருக்கிறது. நான் இரண்டாவதைச் சேர்ந்தவன். பாரபட்சத்தோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கண்ணடித்த கதையை முதலில் முடித்துவிடுவோம். 2008 ஆகஸ்ட் 17, பெய்ஜிங் ஒலிம்பிக், கலப்பு இரட்டையர் இறுதி. எதிரே இந்தோனேசியாவின் நோவா விதியாந்தோ, லிலியானா நட்சிர். அப்போதைய உலக சாம்பியன்கள். அன்று இந்தோனேசியாவின் சுதந்திர தினம் வேறு. (எட்டு வருடம் கழித்து, அதே ஆகஸ்ட் 17 அன்று, ரியோவில் லிலியானா வேறொரு பார்ட்னரோடு அந்தத் தங்கத்தை வாங்கினார். பேட்மின்டனில் இப்படியும் கணக்குத் தீர்கிறது.) கொரிய ஜோடியில் லீ ஹியோ-ஜுங்குக்கு 27 வயது, உயரம் 181 சென்டிமீட்டர். பக்கத்தில் நின்ற லீ யோங்-டேவுக்கு இருபதுகூட நிறையவில்லை. கடும் போட்டி என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 21-11, 21-17 என்று முடிந்துவிட்டது. ஜெயித்த பிறகு பையன் கேமராவைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தான். அவ்வளவுதான்.

கொரியப் பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'ஆளைக் கொல்லும் கண்ணடிப்பு' என்று வரும். அம்மாவுக்காகச் செய்தேன் என்று அவர் பிறகு சொன்னது இன்னும் வசதியாகப் போயிற்று. 'நாட்டின் தம்பி' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. கொரியாவில் இந்தப் பட்டத்துக்குத் தனி எடை உண்டு. அங்கே ஒருவரை எப்படி அழைப்பது என்பதை வயதுதான் முடிவு செய்யும். தன்னைவிட மூத்த பெண்ணை ஓர் ஆண் 'நூனா', அதாவது அக்கா என்பான். ஏழு வயது மூத்த அக்காவோடு சேர்ந்து ஆடி, ஜெயித்து, அம்மாவுக்குக் கண்ணடித்த பையன் என்றால் அந்த ஊர் வீடுகளில் எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாடகர் லீ சுங்-கியின் சாயல் இருக்கிறது என்றும் சேர்த்துப் பேசினார்கள். விளம்பரங்கள் வந்தன. அந்தத் தங்கத்தால் ராணுவ சேவையிலிருந்தும் விலக்கு கிடைத்தது. கொரியாவில் உடல்தகுதியுள்ள ஆண்கள் எல்லோரும் ராணுவத்துக்குப் போயாக வேண்டும், ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களுக்கு விலக்கு உண்டு. இருபது வயதில் கையிலிருந்து போகவேண்டிய வருடங்கள் மிச்சமாவது விளையாட்டுக்காரனுக்குச் சின்ன விஷயம் இல்லை.

இதே பெய்ஜிங்கில் நடந்த இன்னொன்றை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. ஆண்கள் இரட்டையரில் ஜுங் ஜே-சுங்கோடு பெரிய எதிர்பார்ப்போடு இறங்கி, முதல் சுற்றிலேயே டென்மார்க்கின் லார்ஸ் பாஸ்கே, யோனாஸ் ராஸ்முசன் ஜோடியிடம் தோற்று வெளியேறினார். அந்த வருடம் ஆல் இங்கிலாந்து என்ற பழம்பெரும் போட்டியை ஜெயித்திருந்தது லீ யோங்-டே, ஜுங் ஜோடிதான். அந்த அடியை வாங்கிக்கொண்டு, அதே வாரத்தில் மிக்ஸட் தங்கம் வரைக்கும் போனார். கண்ணடித்ததைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆள் எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெற்கு ஜொல்லா மாகாணத்தில் ஹ்வாசுன் என்ற சிறிய ஊர். பிறந்தது 1988 செப்டம்பர் 11. உடம்பு குறையட்டும் என்றுதான் தொடக்கப்பள்ளியில் பேட்டைக் கையில் கொடுத்தார்கள். நடுநிலைப் பள்ளி முடிப்பதற்குள் தேசிய அணியில் இடம் கிடைத்தது. 2006இல் இஞ்சியோனில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் ஆண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் இரண்டையும் ஜெயித்தார், கொரியா அணிப் போட்டியையும் வென்றது.

கொரியாவில் டபுள்ஸ் ஆட்டக்காரர்தான் பேட்மின்டனின் பெரிய ஆள் என்பதையும் மறக்கக் கூடாது. நம் பக்கம் பிரகாஷ் படுகோனே, கோபிசந்த், சாய்னா, சிந்து என்று ஒற்றையர் பெயர்களையே சொல்லி வளர்ந்தோம். அங்கே 1992 பார்சிலோனாவில் பார்க் ஜூ-போங், கிம் மூன்-சூ தங்கம் வாங்கியதிலிருந்து கதை வேறு. 1996 அட்லான்டா மிக்ஸட் இறுதியில் இரண்டு பக்கமும் கொரியர்களே நின்றார்கள். கிம் டாங்-மூன், கில் யோங்-ஆ ஜோடி, பார்க் ஜூ-போங் ஜோடியை வீழ்த்தியது. அதே கிம் டாங்-மூன் 2004 ஏதென்ஸில் ஹா டே-க்வோனோடு ஆண்கள் இரட்டையர் தங்கமும் வாங்கினார். அந்த வரிசையில் அடுத்து வந்தவர் லீ யோங்-டே. ஊர் மக்கள் ஆடுவதும் டபுள்ஸ்தான். காலையில் மலையடிவார ஊற்றுத் தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் நெட் கட்டி ஆடுகிற மாமாக்களும் அத்தைகளும் அங்கே ஏராளம். கிளப் போட்டிகளில் வயதுக்கு ஒரு பிரிவு, ஆட்டத் தரத்துக்கு ஒரு பிரிவு என்று பிரித்து ஆடுவார்கள், பெரும்பாலும் இரட்டையர். அவர்களுக்கு லீ யோங்-டே டிவியில் தெரியும் நட்சத்திரம் மட்டும் இல்லை. நாளைக் காலையில் தாங்கள் செய்து பார்க்கப்போவதை இன்றைக்குச் செய்து காட்டுகிறவர்.

இனி அந்தக் கை.

டபுள்ஸ் ஆடத் தொடங்கும் எல்லோரும் முதலில் மயங்குவது ஸ்மாஷில், அதாவது மேலிருந்து கீழாக ஓங்கி அடிக்கும் அடியில். சத்தம் வரும், பக்கத்துக் கோர்ட் ஆள் திரும்பிப் பார்ப்பார். ஆனால் ஸ்மாஷ் அடிக்கும்படி ஷட்டில் உயரமாக வர வேண்டுமே! எதிராளி சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டான். அவனைத் தூக்கவைக்க வேண்டும். அந்த வேலை நெட்டில் நிற்பவனுடையது. லீ யோங்-டே உலகத்தரத்தில் செய்தது அதைத்தான்.

சர்வீஸ் போட்ட கையோடு அவர் பேட் நெட்டின் மேல் விளிம்பு உயரத்துக்கு வந்துவிடும், அதற்குக் கீழே இறங்காது. முழங்கை உடம்புக்கு முன்னால் இருக்கும். பிடியைக் கொஞ்சம் மேலே தள்ளி, தளர்வாகப் பிடித்திருப்பார். எதிராளி தட்டையாக ஒரு டிரைவ் அடித்தால் நம்மைப்போன்ற ஆட்கள் கையைப் பின்னால் இழுத்து வீசுவோம், அதற்குள் ஷட்டில் தாண்டிப் போயிருக்கும். அவர் இழுப்பதே இல்லை. கட்டைவிரலால் கைப்பிடியை ஒரு அழுத்து, மணிக்கட்டில் ஒரு சிறு அசைவு, ஷட்டில் எதிராளியின் இடுப்புக்கு நேராகப் போய் விழும். அவன் சமாளித்துத் திருப்புவதற்குள் இவர் ஓரடி முன்னால் வந்திருப்பார். அடுத்தது இன்னும் கீழ்நோக்கிப் போகும். மூன்றாவதை எதிராளி வேறு வழியில்லாமல் தூக்குவான். பின்னால் காத்திருக்கும் பார்ட்னர் குதித்து அடிப்பார். மைதானம் கைதட்டுவது அந்தக் கடைசி அடிக்கு. அந்தப் புள்ளி முடிவானது மூன்று அடிகளுக்கு முன்னால்.

தடுப்பு ஆட்டமும் அப்படியே. எதிரி ஸ்மாஷ் அடிக்கும்போது பொதுவாக உயரத் தூக்கிப் போட்டு மூச்சுவாங்கிக்கொள்வோம். அவர் அதைத் தட்டையாகவே திருப்பி அடித்து, தடுப்பிலிருந்து ஒரே அடியில் தாக்குதலுக்கு வந்துவிடுவார். பேக்ஹேண்ட் பக்கம் அடித்தால் பாதுகாப்பு என்று நம்பிய பலர் ஏமாந்தது இதில்தான்.

மிக்ஸடில் இதற்கு வேறு ஒரு பயன் இருந்தது. வழக்கமாக ஆண் பின்னால் நின்று அடிப்பார், பெண் முன்னால் நெட்டைப் பார்த்துக்கொள்வார். எதிரிகள் பெண்ணைப் பின்னால் தள்ளப் பார்ப்பதும் அதனால்தான். லீ ஹியோ-ஜுங்கைப் பின்னால் தள்ளினால் 181 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஸ்மாஷ் வரும், முன்னால் லீ யோங்-டேவின் கை காத்திருக்கும். தள்ளியும் பயனில்லை, தள்ளாவிட்டாலும் பயனில்லை. ஹியோ-ஜுங்கைத் தம்பியின் பக்கத்தில் நின்றவராக மட்டும் பார்ப்பது அநியாயம். அதே பெய்ஜிங்கில் பெண்கள் இரட்டையர் வெள்ளியும் வாங்கியவர். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஷின் பெக்-சோல் என்ற இளைஞரோடு மிக்ஸட் தங்கமும் வாங்கினார்.

ஆண்கள் இரட்டையரில் லீ யோங்-டேவின் முதல் பெரிய பார்ட்னர் ஜுங் ஜே-சுங். ஆறு வயது மூத்தவர், 168 சென்டிமீட்டர் உயரம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அவர் குதித்து அடித்த ஸ்மாஷ் எப்படிச் சாத்தியம் என்று இன்றும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவன் நான். குள்ளமான அண்ணன் பின்னால் பறந்து அடிப்பார், உயரமான தம்பி முன்னால் வேட்டையாடுவார். உலகத் தரவரிசையில் முதலிடம், ஆல் இங்கிலாந்து இரண்டு முறை, 2008இலும் 2012இலும்.

உலக சாம்பியன்ஷிப்பில் மட்டும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. 2007 கோலாலம்பூர் இறுதியில் மார்கிஸ் கிடோ, ஹெண்ட்ரா செத்தியாவானிடம் தோல்வி. 2009இல் இறுதி நடந்தது நம் ஹைதராபாத்தில். எதிரே சீனாவின் காய் யுன், ஃபூ ஹைஃபெங். முதல் கேம் சீனாவுக்கு 21-18, இரண்டாவது கொரியாவுக்கு 21-16. மூன்றாவது 20-20ஐத் தாண்டி இழுத்துக்கொண்டே போய் 28-26இல் சீனா ஜெயித்தது. 30க்கு மேல் போக விதியில் இடமில்லை. உலக சாம்பியனா இல்லையா என்பது இரண்டு புள்ளி வித்தியாசம். பட்டியலைப் பார்ப்பவருக்கு அது 'வெள்ளி' என்ற ஒரு சொல்.

2012 லண்டனும் அதே ஜாதி. அரையிறுதியில் டென்மார்க்கின் மத்தியாஸ் போ, கார்ஸ்டன் மோகன்சன் ஜோடியிடம் மூன்றாவது கேமில் 20-22. (நம் சாத்விக், சிராக் ஜோடிக்குப் பின்னாளில் பயிற்சி கொடுத்த அதே மத்தியாஸ் போதான்.) வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மலேசியாவின் கூ கியென் கீட், டான் பூன் ஹியோங்கை 23-21, 21-10 என்று வென்றார்கள். அந்த ஒலிம்பிக்கில்தான், காலிறுதியில் வசதியான எதிராளி அமைய வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்கப் பார்த்ததற்காக பெண்கள் இரட்டையரில் நான்கு ஜோடிகளை வெளியேற்றினார்கள். அதில் இரண்டு ஜோடி கொரியாவுடையது. அவ்வளவு அவமானத்துக்கு நடுவே பேட்மின்டனில் கொரியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் இந்த வெண்கலம். ஜுங் அதோடு தேசிய அணியை விட்டு விலகினார்.

அடுத்து கொஞ்ச நாள் கோ சுங்-ஹியூன். பிறகு 2013 அக்டோபரிலிருந்து யூ யோன்-சோங். என் கணக்கில் லீயின் மிகச் சிறந்த ஆட்டம் வந்தது யூவோடு ஆடிய அந்த மூன்று வருடங்களில்தான். 2008 தங்கத்தைப் பிடித்துக்கொண்டு பேசுபவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை. யூ பின்னால் நின்று சலிக்காமல் அடிக்கக்கூடியவர், கோர்ட்டில் சத்தமும் சிரிப்புமாக இருப்பார். லீ அமைதி. சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் உலக முதலிடத்துக்கு வந்தார்கள். முதல் இடத்தைத் தொட்டுவிட்டு இறங்கியவர்கள் இல்லை, அங்கேயே குடியிருந்தார்கள்.

அந்தப் பயணம் தொடங்கிய இடத்திலேயே முடிந்துபோயிருக்க வேண்டியது. 2014 ஜனவரியில் லீ யோங்-டேவுக்கும் கிம் கி-ஜுங்குக்கும் உலக பேட்மின்டன் கூட்டமைப்பு ஒரு வருடத் தடை விதித்தது. ஊக்கமருந்து என்று அவசரப்பட்டுச் சிலர் இன்றும் எழுதுகிறார்கள், அது தவறு. எந்த நாளில் எங்கே இருப்பேன் என்பதை உயர்மட்ட ஆட்டக்காரர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், திடீர்ப் பரிசோதனைக்கு ஆள் வருவார்கள். இந்த விவரத்தை நிரப்பி அனுப்பும் பொறுப்பைக் கொரிய பேட்மின்டன் சங்கம் எடுத்துக்கொண்டிருந்தது. அதில் கோட்டை விட்டார்கள். பரிசோதகர்கள் பயிற்சி முகாமுக்குப் போனபோது ஆட்டக்காரர்கள் அங்கே இல்லை. இப்படி மூன்று தவறு சேர்ந்தால் தடை. சங்கம் தன் பிழையை ஒத்துக்கொண்டது, ஏப்ரலில் தடை நீக்கப்பட்டது. நீங்கியிராவிட்டால் அந்த செப்டம்பரில் சொந்த மண்ணில், இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டில் அவர் இல்லை. அங்கே ஆண்கள் அணிப் போட்டியின் இறுதியில் கொரியா சீனாவை 3-2 என்று வென்றது. இரட்டையரில் லீ, யூ ஜோடிக்கு இந்தோனேசியாவின் அஹ்சான், செத்தியாவானிடம் தோற்று வெள்ளி.

அதற்கு முந்தைய மாதம், ஆகஸ்டில், கோபன்ஹேகனில் உலக சாம்பியன்ஷிப் இறுதி, இரண்டு பக்கமும் கொரியர்கள். லீ, யூ ஒரு பக்கம். கோ சுங்-ஹியூன், ஷின் பெக்-சோல் மறுபக்கம். பெயர்களைக் கவனித்தீர்களா? ஒருவர் லீயின் பழைய பார்ட்னர். மற்றவர் லீயின் பழைய மிக்ஸட் பார்ட்னரோடு ஆசியத் தங்கம் வாங்கியவர். 22-20, 21-23, 21-18. லீக்கு மூன்றாவது உலக வெள்ளி.

2016 ரியோவுக்கு உலக முதலிட ஜோடியாகப் போனார்கள். காலிறுதியில் முதல் கேமை ஜெயித்து, அடுத்த இரண்டையும் மலேசியாவின் கோ வி ஷெம், டான் வீ கியோங்கிடம் 18-21, 19-21 என்று விட்டார்கள். ஊரில் விமர்சனம் கடுமையாக இருந்தது. சில வாரம் கழித்து சொங்னாமில் கொரியா ஓபன். தேசிய அணிக்காக இதுதான் கடைசி என்று தெரிந்தே ஆடினார். இறுதியில் சீனாவின் லி ஜுன்ஹுய், லியு யுசென் முதல் கேமை எடுத்தார்கள். இரண்டாவது 22-20, மூன்றாவது 21-18. பட்டம் வாங்கி விடைபெற்றார், அப்போது வயது 28.

அடுத்த ஜனவரியில் நம் பிரீமியர் பேட்மின்டன் லீகில் மும்பை ராக்கெட்ஸ் அணிக்கு ஆட வந்தார். அந்த அணி இறுதிவரை வந்து 4-3 என்று தோற்றது சென்னை ஸ்மாஷர்ஸிடம். சென்னைக்காரர்களுக்கு அன்று சந்தோஷம், லீ ரசிகர்களான சென்னைக்காரர்களுக்கு மட்டும் இரண்டுங்கெட்டான் நிலை.

சர்வதேசப் போட்டிகளுக்குத் திரும்புவது அத்தனை எளிதாக இல்லை. தேசிய அணியை விட்டு விலகிய ஆண்கள் 31 வயதுக்குமுன் சொந்தப் பொறுப்பில் வெளிநாட்டுப் போட்டிகளில் ஆடக் கூடாது என்று கொரியச் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. கோ சுங்-ஹியூனும் ஷின் பெக்-சோலும் நீதிமன்றம் போய் 2018இல் அதற்குத் தடை வாங்கினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் ஒற்றையர் தங்கம் வாங்கிய கையோடு கொரியாவின் ஆன் சே-யங் சங்கத்தை எதிர்த்துப் பேசியது பலருக்குத் திடீர் வெடியாகத் தெரிந்தது. இந்தப் பழைய கதையை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. லீக்கும் அந்த வழி திறந்தது. கிம் கி-ஜுங்கோடு, ஆமாம், தடைக்காலத்துத் துணையோடு சேர்ந்து, 2018இல் மக்காவ் ஓபனையும் 2020 ஜனவரியில் மலேசியா மாஸ்டர்ஸையும் ஜெயித்தார். மலேசியாவில் இறுதியில் வீழ்த்தியது அதே லி ஜுன்ஹுய், லியு யுசென் ஜோடியை.

இடையில் 2018 மார்ச்சில் ஜுங் ஜே-சுங் மாரடைப்பில் இறந்துபோனார், 35 வயது. பழைய வீடியோக்களில் அந்தக் குதிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்துவிடுகிறது.

புகழ் எந்த அளவு என்று கேட்டால் மூன்று விஷயம் சொல்வேன். ஹ்வாசுனில் அவர் பெயரிலேயே ஓர் உள்ளரங்கம் இருக்கிறது, பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டி ஒன்றும் அவர் பெயரில் நடக்கிறது. விக்டர் நிறுவனம் பிரேவ் சோர்ட் வரிசையில் எல்.ஒய்.டி. என்று அவர் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு ஒரு பேட் விட்டது. டபுள்ஸ் ஆட்டக்காரர் பெயரில் பேட் வருவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. (நானும் பிரேவ் சோர்ட் வாங்கினேன். கை என் கையாகவே இருந்தது.) மூன்றாவது, பெய்ஜிங்குக்குப் பிறகு அடுத்த பேட்மின்டன் தங்கத்துக்குக் கொரியா 2024 வரை, பதினாறு வருடம் காத்திருந்தது. அத்தனை காலமும் கொரியத் தங்கம் என்றால் அந்தப் பையன் முகம்தான்.

கடைசியாக, நம்பாவிட்டால் நீங்களே பாருங்கள். ஹைதராபாத் இறுதியின் மூன்றாவது கேம் இணையத்தில் கிடைக்கிறது. ஷட்டில் பின்னாலேயே கண்ணை விடாதீர்கள். லீ சர்வீஸ் போட்டதும் அவர் பேட் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டும் பத்துப் புள்ளிகளுக்குப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.